கன்று முந்திக்கொண்டது

இருபது வருஷமாகக் கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு எழுத்து தெரியாமல் இருக்குமா என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் யாராவது என்னை வழியில் நிறுத்தி, "ஐயா, 'ழ' முன்னால் வருமா, 'ள' முன்னால் வருமா?" என்று கேட்டால், 'ய ர ல வ' என்று வாய்க்குள்ளே ஆரம்பித்து, விரல் விட்டு எண்ணிப் பார்த்துத்தான் பதில் சொல்வேன். கல்லூரியில் இரண்டே வருஷம் இருந்துவிட்டு வெளியே வந்தவனுக்கு அதற்கு மேல் என்ன தெரியும்?

என் தகப்பனார் அப்படியல்ல. எழுத்து வரிசையில் அவர் புலி. ஆவடி டாங்கி ஆலையில், முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்த 1965-ல், ஸ்டோர்ஸ் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். ஓய்வு பெறும் வரைக்கும் அவர் செய்த வேலை ஒன்றே ஒன்று: ஒரு சாமானை அதன் இடத்தில் வைப்பது; கேட்கும்போது அதே இடத்திலிருந்து எடுத்துக் கொடுப்பது. "இடம் தப்பின சாமான் இல்லாத சாமானுக்குச் சமம்" என்பார். இதை நான் வேதாந்தம் என்று நினைத்த காலமும் உண்டு. ஸ்டோர்ஸ் பாஷை என்று சிரித்த காலமும் உண்டு.

எங்கள் ஊர் பருத்திப்பட்டு. ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகிற சாலையில் ஏரிக்கரையை ஒட்டின ஊர். இப்போது ஆவடி மாநகராட்சிக்குள் அடங்கிவிட்டது. 2019-ல் ஏரியைச் சீர்படுத்திப் பூங்கா அமைத்து, நடைபாதை போட்டுப் படகும் விட்டார்கள். காலையில் வேர்க்க விறுவிறுக்க நடக்கிறவர்களுக்கு அது ஒரு நீர்நிலை, அவ்வளவுதான். என் தாத்தாவுக்கு அது சோறு. மதகைத் திறந்தால் கழனிக்குத் தண்ணீர். கலங்கல் வழிந்தால் அந்த வருஷம் கவலையில்லை. அந்தக் கழனிகள் வீட்டு மனைகளான காலத்தில் அப்பாவுக்கு ஒரு யோசனை தோன்றிற்று. நிலம் போனால் போகட்டும், சொல்லாவது மிஞ்சட்டும் என்று கிழவர்களிடம் கேட்டுக் கேட்டுச் சொற்களை எழுதிவைக்க ஆரம்பித்தார்.

எதில் எழுதினார் தெரியுமா? கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பின்புறத்தில்! ஒரே அளவாகக் கத்தரித்து, ஒரு துண்டுக்கு ஒரு சொல். மூலையில் மஞ்சள் தடவிய அட்டைகள் இன்னும் இருக்கின்றன. தூம்பு, மடை, கரம்பை, வண்டல், கோரை என்று மூவாயிரத்துச் சொச்சம் அட்டைகள், பதினொரு பிஸ்கட் டப்பாக்களில். எல்லாம் அகராதி வரிசையில். நாற்பது வருஷத்து உழைப்பு.

அப்பாவுக்கு இப்போது வயது 84. இரண்டு வருஷமாக ஞாபகம் தட்டிப்போகிறது. காலையில் இட்லி சாப்பிட்டாரா என்பது பதினொரு மணிக்கு நினைவில்லை. ஒரு சமயம் என்னைத் தம் தம்பியின் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்; அவர் காலமாகி முப்பது வருஷம் ஆகிறது. ஆனால் டப்பாவின் முன்னால் உட்கார்ந்துவிட்டால் அவர் பழைய ஆசாமி. கண் சரியாகத் தெரியாவிட்டாலும் விரல் போய் நிற்கிற இடத்தில் அந்த அட்டை இருக்கும். எடுத்து, கண்ணருகே வைத்துப் பார்த்து, ஒரு சிரிப்புச் சிரித்து, திரும்ப அங்கேயே செருகுவார்.

இந்தப் பொக்கிஷத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும், அவர் இருக்கும்போதே ஒரு சிறு புத்தகமாகப் போட்டுவிட வேண்டும் என்று நான் புறப்பட்டது நல்ல எண்ணத்தில்தான். நல்ல எண்ணத்தில் செய்கிற அநியாயத்துக்குத்தான் நியாயஸ்தலமே கிடையாதே!

நானும் என் மகளுமாக உட்கார்ந்து அடித்தோம். அவள் கைக்கு வந்த அட்டையை எடுப்பாள். அடித்ததைத் தரையில் போடுவாள். "கலைஞ்சு போகுதேம்மா" என்றேன். "கம்ப்யூட்டர் ஒரு நொடியில அடுக்கிடும்ப்பா" என்றாள். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. இரண்டு மாதத்தில் வேலை முடிந்தது. பக்கத்துத் தெருவில் எஞ்சினீரிங் படிக்கிற பிள்ளை ஒருவன். எனக்கு அந்தப் பழைய கம்ப்யூட்டரை வாங்கி, அதில் லினக்ஸைப் போட்டுக் கொடுத்ததே அவன்தான். அவன் வந்து ஒரே ஒரு வரி அடித்தான். மூவாயிரம் சொல்லும் கண் மூடித் திறப்பதற்குள் வரிசையில் நின்றுவிட்டன. எனக்கு மெய் சிலிர்த்தது. அந்தப் பட்டியலை அச்செடுத்து வைத்துக்கொண்டு, மூன்று இரவு கண் விழித்து, அதே வரிசையில் அட்டைகளை டப்பாக்களில் நிரப்பினேன்.

நாலாம் நாள் காலையில் அப்பா 'க' டப்பாவைத் திறந்தார். ஏதோ கன்றுக்குட்டி ஞாபகம் போலிருக்கிறது. விரல் நேராகக் கடைசிப் பக்கம் போயிற்று. எடுத்தார், பார்த்தார், வைத்தார். இன்னொன்று எடுத்தார். அதுவும் இல்லை. கால்மணி நேரம் தடவித் தடவிப் பார்த்தார். நான் வாசல் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

"கன்றைக் காணோமே" என்றார்.

"இருக்கும்ப்பா. கம்ப்யூட்டரே அடுக்கினது. தப்பு வராது."

அவர் டப்பாவை மூடினார். "அப்போ எனக்குத்தான் மறந்துபோச்சு போலிருக்கு" என்றார். குரலில் கோபமில்லை, வருத்தம்கூட இல்லை. கணக்கில் ஒரு சாமான் குறைகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிற மாதிரி சொன்னார். அன்றைக்கு டப்பாவை விட்டவர் மறுநாளும் தொடவில்லை, அதற்கு மறுநாளும் தொடவில்லை. சாப்பிட்டாரா என்பதை மறந்தபோதெல்லாம் கலங்காத மனுஷர், எழுத்து வரிசையும் மறந்துவிட்டது என்று நம்பியவுடன் ஒடுங்கிப்போனார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அடுத்த வீட்டுக் குழந்தை திண்ணையில் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தது. ஒன்றாம் வகுப்பு. "ய, ர, ல, வ, ழ, ள, ற, ன!" என்று ஒரு கூச்சல். 'ன' கடைசி! எனக்குச் சுரீர் என்றது. உள்ளே ஓடிப் பட்டியலைப் பார்த்தேன். அதில் இப்படி இருந்தது: கன்று, கம்பு, கரை, கறவை, கலங்கல், களம், கழனி, கவலை.

முறைப்படி எப்படி இருக்க வேண்டும்? கம்பு, கரை, கலங்கல், கவலை, கழனி, களம், கறவை, கன்று. கடைசியில் நிற்க வேண்டிய கன்று எல்லோரையும் முந்திக்கொண்டு முன்னால் நிற்கிறது. கிழவருக்கு மறக்கவில்லை. மிஷினுக்குத்தான் தெரியவில்லை. அதை நம்பி, மூன்று இரவு கண் விழித்து, ஒரு மனிதருக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று நான் ருசுப்படுத்தியிருக்கிறேன்.

பிள்ளையாண்டானைக் கூப்பிட்டனுப்பினேன். வந்து பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான். அவன் சொன்ன விவரத்தை உங்களுக்கும் சொல்கிறேன். தமிழில் பட்டியல் போடுகிற யாருக்கும் உதவும்.

கம்ப்யூட்டருக்கு எழுத்து கிடையாது, எண்தான். உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் யூனிகோடு என்ற ஏற்பாட்டில் ஆளுக்கொரு எண் கொடுத்திருக்கிறார்கள். அதன் முதல் பதிப்பு 1991-ல் வந்தது. தமிழில் 'க'வுக்கு 2965. 'ந'வுக்கு 2984, அதற்கு அடுத்த 2985 'ன'வுக்கு, 'ப'வுக்கு 2986. 'ர'வுக்கு 2992 என்றால் 'ற'வுக்கு 2993. 'ல, ள, ழ, வ' என்று அடுத்தடுத்து நாலு எண்கள். 'ச'வுக்கும் 'ஞ'வுக்கும் நடுவில் 'ஜ' புகுந்து உட்கார்ந்திருக்கிறது. எங்கள் பிள்ளையாண்டான் கொடுத்த கட்டளை, எந்த மொழியின் விதியையும் பாராமல் வெறும் எண் பிரகாரம் அடுக்கு என்பது. அப்படிச் செய்தால் வேகமாக முடியும் என்று பழக்கமாம். வேகமாகத்தான் முடிந்தது!

"எண்ணையே ஒழுங்காகக் கொடுத்திருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். அதற்கும் ஒரு கதை இருக்கிறது. யூனிகோடுக்கு முன்னாலேயே இந்திய மொழிகளுக்கென்று 'இஸ்கி' என்ற ஒரு சர்க்கார் முறை இருந்தது. தேவநாகரி வரிசையை மாதிரியாக வைத்து, எல்லா இந்திய எழுத்துகளையும் ஒரே அச்சில் வார்த்த முறை அது. 1988-ல் வந்த அந்த ஏற்பாட்டை ஒட்டியே யூனிகோடில் நமக்கு இடம் ஒதுக்கினார்கள். தேவநாகரியில் நாலு விதமான 'க' உண்டு, நமக்கு ஒன்றுதான். அதனால் நம் 'க'வுக்கு அப்புறம் மூன்று நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன. ஓசையில் ஒன்றுபோல் இருக்கிற 'ந'வும் 'ன'வும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. 'ர'வும் 'ற'வும் அப்படியே. ஒருமுறை கொடுத்த எண்ணை மாற்றுவதில்லை என்பது யூனிகோடு வைத்திருக்கிற சத்தியம். மாற்றினால் அதுவரை எழுதினதெல்லாம் குழம்பிப்போகும். எண்ணே ஒழுங்காக அமைய வேண்டுமென்று 'டேஸ் 16' என்ற வேறொரு முறையை வகுத்து, 2010-ல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு அதையும் ஏற்றது. ஆனால் என் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடுவது யூனிகோடுதான்.

இதில் தமிழுக்கு மட்டும் வஞ்சனை என்று ஆத்திரப்படவும் வழியில்லை. இங்கிலீஷிலேயே பெரிய இசட்டுக்கு 90, சின்ன ஏ-க்கு 97. வெறும் எண் பிரகாரம் அடுக்கினால் கடைசிப் பெரிய எழுத்து முதல் சின்ன எழுத்துக்கு முன்னால் வந்துவிடும். ஆகையால் எண் வேறு, வரிசை வேறு என்று பிரித்து, ஒவ்வொரு மொழிக்கும் அடுக்கும் விதியைத் தனியே எழுதி வைத்திருக்கிறார்கள். ஸ்வீடன்காரர்கள் தலையில் புள்ளி வைத்த ஏ-யை இசட்டுக்கும் அப்பால் தள்ளுவார்கள். ஜெர்மானியர் அதை ஏ-யோடேயே சேர்த்துக்கொள்வார்கள். ஸ்பானிஷ்காரர்கள் சி-யும் ஹெச்-சும் சேர்ந்த கூட்டைத் தனி எழுத்தாக அகராதியில் வைத்திருந்து, 1994-ல் மாநாடு கூடி அந்த வழக்கத்தைக் கைவிட்டார்கள். வரிசை என்பது ஆகாசத்திலிருந்து விழுந்ததல்ல. மனிதர்கள் கூடிப் பேசி ஒப்புக்கொண்டது.

நம்மிடமும் அப்படித்தானே? திவாகரம், பிங்கலம் முதலிய பழைய நிகண்டுகள் செய்யுளில் இருந்தன. தேவர் பெயர், மக்கள் பெயர், மரப் பெயர் என்று பொருள் பிரகாரம் வகுத்தார்கள். மனப்பாடம் செய்தவனுக்கு வரிசை எதற்கு? 1594-ல் ரேவண சித்தர் செய்த அகராதி நிகண்டு முதலெழுத்தை மட்டும் பார்த்து அடுக்கிற்று. 1732-ல் வீரமாமுனிவர் சதுரகராதியைத் தந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்து அகராதி 1924-லிருந்து 1936 வரையில் ஆறு தொகுதிகளாக வெளிவந்து, 1939-ல் அனுபந்தமும் சேர்ந்தது. லட்சத்துப் பதினேழாயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள். ஒரு சொல் இடம் தப்பியிருந்தால் யார் கண்டுபிடிப்பது? அப்பா சொன்ன ஸ்டோர்ஸ் வேதாந்தத்தின் அர்த்தம் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கிற்று.

நேரே அப்பாவிடம் போனேன். "கன்று கடைசியிலேதான் வரணும்ப்பா. நான்தான் தப்பா அடுக்கிட்டேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "நிஜமாவா? என் மனசு நோகக்கூடாதுன்னு சொல்றியா?"

இந்தக் கேள்விக்கு வார்த்தையால் பதில் சொல்லிப் பிரயோசனமில்லை. வரிசையைச் சரியாகக் கொண்டுவந்து காட்டினால்தான் உண்டு.

அன்றிரவு, பிள்ளையாண்டானுக்குக்கூடச் சொல்லாமல், நானே காரியத்தில் இறங்கினேன். அமைப்புகளுக்குள் போய் மொழி என்ற இடத்தில் 'தமிழ்' என்று வைத்து, வெளியேறி மறுபடி உள்ளே வந்தேன். அடேயப்பா! கம்ப்யூட்டர் முழுவதும் தமிழாகிவிட்டது. 'திற', 'சேமி', 'தொகு' என்று பார்த்த இடமெல்லாம் கட்டளை. கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்ததே தவிர, வழக்கமாக நான் போகிற வழி ஒன்றும் புலப்படவில்லை. வரிசைப்படுத்துகிற இடத்தைக் கண்டுபிடிப்பதற்குள் என் மனைவி மின்சாரக் கட்டணம் கட்ட வந்துவிட்டாள். "என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க? நாளைக்குக் கடைசித் தேதி!" என்றாள். தமிழ் எழுத்தாளனுக்கு மனைவியான குற்றத்துக்கு அவளுக்குத் தமிழில் கம்ப்யூட்டர் வேறா?

மறுநாள் பிள்ளையாண்டான் சிரித்துக்கொண்டே வந்தான். "அங்கிள், மெனு பேசுற மொழி வேற, அடுக்குற மொழி வேற. ரெண்டுக்கும் தனித்தனி அமைப்பு இருக்கு" என்றான். தேதி எழுதும் முறை, பணம் எழுதும் முறை, வரிசை என்று ஒவ்வொன்றுக்கும் தனித் திருகாணியாம். எல்லாவற்றையும் இந்திய இங்கிலீஷுக்குத் திருப்பி, பட்டியலைப் புதிதாக அடுக்கிக் கொடுத்தான். பார்த்தேன். கன்று கடைசிக்குப் போயிருந்தது! 'ர'வுக்கு அப்புறம் 'ல', 'வ'வுக்கு அப்புறம் 'ழ' எல்லாம் ஒழுங்கு. ஓடிப்போய் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து உரக்கப் படித்தேன்.

"கரை... கலங்கல்... கலப்பை... கல்..."

அப்பா விரலைத் தூக்கினார். "நிறுத்து. கல்லு எங்கே வந்தது?"

"கலப்பைக்கு அப்புறம்."

"கல்லு இல்லாம கலங்கல் எப்படிடா கட்டுவே?"

நான் வாயடைத்துப்போனேன். புள்ளி வைத்த எழுத்து உயிர்மெய்க்கு முந்தி என்பது அகராதிகளைப் பார்த்து அவர் கைக்கொண்ட முறை. 'கல்' முதலில், 'கலங்கல்' பிறகு. 'மண்' முதலில்; 'மணல்' பிறகு. யூனிகோடிலோ புள்ளிக்குத் தனி எண், 3021; கால், கொம்பு, துணைக்கால் எல்லாவற்றுக்கும் பின்னால். பொதுவாக எல்லா மொழிக்குமாக வைத்த விதியில் மெய்யெழுத்துகள் நம் வரிசையில் நின்றாலும், புள்ளி கடைசிக்குப் போய்விடுகிறது. தமிழ் என்று குறிப்பிட்டுச் சொன்னால்தான் புள்ளிக்கு உரிய இடம் கிடைக்கும்.

மறுபடி பிள்ளையாண்டான். இந்தத் தடவை பட்டியலை லிப்ரே ஆபீஸ் கணக்குத்தாளில் ஏற்றினான். அடுக்குகிற பெட்டியில் 'ஆப்ஷன்ஸ்' என்று ஒரு பக்கம். அதற்குள் மொழிக்கென்று ஒரு சின்னக் கட்டம். எத்தனை தடவை அந்தப் பெட்டியைத் திறந்திருப்பேன்! அந்தக் கட்டத்தைக் கண்டதில்லை. அதில் மட்டும் தமிழ் என்று வைத்தான். மெனு இங்கிலீஷில் இருந்தபடி இருந்தது; மின்சாரக் கட்டணத்துக்கும் பங்கமில்லை; கல் போய்க் கலங்கலுக்கு முன்னால் உட்கார்ந்தது. மிச்சமிருந்தது மனிதப் பிழை ஒன்றுதான். 'ஔடதம்' என்ற சொல்லை என் மகள் 'ஒ'வும் 'ள'வுமாக அடித்துவைத்திருந்தாள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், மிஷினுக்கு அல்ல. அது 'ஒ'வில் போய் ஒளிந்திருந்தது. திருத்தினோம்.

அன்று சாயங்காலம் அப்பாவுக்கு இரண்டாவது பரீட்சை வைத்தேன். அவருக்கா, எனக்கா என்று கேட்காதீர்கள். 'க' முழுவதும் படித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். விரல் எழும்பவில்லை. 'கன்று' என்று முடித்தபோது தலையை ஆட்டினார்.

"நல்லா அடுக்கியிருக்கான். யாரு அது?" என்றார்.

"நீங்கதான்ப்பா. மிஷின் உங்களைப் பார்த்துக் கத்துக்கிச்சு" என்றேன்.

இதில் முழு உண்மை இல்லை. அந்த விதியை எழுதினவர்கள் யாரோ. எங்கேயோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவர்களும் அப்பாவும் ஒரே பள்ளிக்கூடத்துத் திண்ணையில் படித்தவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அட்டைகளை மறுபடி அடுக்க ஒரு வாரம் ஆயிற்று. இந்தத் தடவை இரவில் திருட்டுத்தனமாக அல்ல. பகலில், அப்பாவை எதிரில் வைத்துக்கொண்டு. நான் பட்டியலைப் பார்த்துச் சொல்வேன்; என் மகள் எடுத்துக் கொடுப்பாள்; அவர் செருகுவார். நடுவில் மூன்று தரம், "எதுக்காக இதெல்லாம் கலைஞ்சுது?" என்று கேட்டார். மூன்று தரமும் நான்தான் கலைத்தேன் என்று சொன்னேன். மூன்று தரமும் புதிதாகக் கோபித்துக்கொண்டார். எனக்கு அது சந்தோஷமாகவே இருந்தது.

நேற்றுக் காலையில் இட்லி சாப்பிட்டது அவருக்கு ஞாபகமில்லை. 'க' டப்பாவைத் திறந்தார். விரல் கடைசிக்குப் போயிற்று.